நாலே நாளில் லாகூர்?

2025 மே 9, காலை. சாத்தூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. முந்தைய இரவு முழுக்கத் தொலைக்காட்சி பார்த்துச் சிவந்த கண்களோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். கராச்சித் துறைமுகம் எரிந்து முடிந்தது என்றார் ஒருவர். இஸ்லாமாபாத்துக்குள்ளேயே நம் படை போய்விட்டதாம் என்றார் இன்னொருவர். பஞ்சாப் பக்கமிருந்து டேங்குகள் இறங்கினால் நாலே நாளில் லாகூர். கடலைக் கப்பற்படை அடைத்துக்கொள்ளும், வானத்தை ரஃபேல் பார்த்துக்கொள்ளும், பலூச்சிஸ்தான் தானாகவே பிரிந்துவிடும். இப்படி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு நாட்டையே பிடித்து முடித்திருந்தோம்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். சீனா என்ன செய்யும், அமெரிக்கா எப்போது தலையிடும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். சாதி ஒழிப்புப் பேசுகிறவன், கூட்டங்களுக்குப் போகிறவன், இந்தத் தளத்தில் எழுதுகிறவன். ஆனாலும் கிரிக்கெட் ஸ்கோர் பேசுகிற அதே சுகம் அதில் எனக்கும் இருந்தது.

பயராபீஸ் பஸ்ஸுக்காகத் தூக்குவாளியோடு நின்றிருந்த அக்கா ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் வருவதற்குச் சற்று முன்னால் கேட்டார்: "ஏம்ப்பா, சண்டை வந்தா ஆபீஸ் ஓடுமா, இல்ல லீவு விட்ருவாங்களா?" லாகூருக்கு வழி தெரிந்த எங்களில் ஒருவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. கராச்சித் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது. இஸ்லாமாபாத்துக்குள் யாரும் போகவில்லை. ஆனால் காஷ்மீரின் பூஞ்சில், எல்லை தாண்டி வந்து விழுந்த குண்டுகளால் குழந்தைகள் உட்படப் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்துப் போயிருந்தார்கள். எங்கள் டீக்கடையில் பூஞ்ச் என்ற ஊரின் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை.

எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் இந்த ஊக விளையாட்டு திரும்ப வருகிறது. இப்போது அது ரீல்ஸாக, வரைபட வீடியோவாக, நம் வாட்ஸப் குழுக்களிலேயே சுற்றுகிறது. படையெடுப்பு எப்படி நடக்கும் என்று ஊகிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஊகிப்பதென்றால் முழுவதுமாக ஊகிப்போம் என்கிறேன். ஏனென்றால், அண்டை நாட்டுக்குள் படை போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களாகிய நம்மிடம் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது.

1987: யாழ்ப்பாணம் சொன்ன விடை

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அதாவது, இது படையெடுப்பாகத் தொடங்கவில்லை. அமைதி காக்கப் போன படை அது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அதே படை புலிகளோடு போரில் இறங்கியது. அதற்கு 'ஆபரேஷன் பவன்' என்று பெயர் வைத்தார்கள். உலகின் பெரிய ராணுவங்களில் ஒன்று, எதிரே சில ஆயிரம் போராளிகள். சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம் என்பதுதான் டெல்லியில் போட்ட கணக்கு.

அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கி, அருகில் இருந்த புலிகளின் தலைமையகத்தைச் சுற்றி வளைத்துப் பிரபாகரனைப் பிடிப்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் புலிகள் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்டு, துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். முதலில் பாரா கமாண்டோக்கள் இறங்கினார்கள். பிறகு, 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையிலிருந்து முப்பது பேர் இறங்கினார்கள். அடுத்தடுத்து வரவேண்டிய ஹெலிகாப்டர்கள் குண்டடிபட்டதால் வரவில்லை. கமாண்டோக்கள் தலைமையகத்தைத் தேடி வெளியேறிவிட்டார்கள். துணைப்படை வரும் என்று காத்து நின்ற முப்பது பேரும் விடியவிடியச் சண்டையிட்டு, மறுநாள் தோட்டா தீர்ந்துபோன நிலையில், இருபத்தொன்பது பேர் செத்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார்.

இந்தக் கதையை ராணுவ வரலாறு பேசுகிறவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற ஒரு செய்தி உண்டு. சீக்கிய இலகு காலாட்படை என்பது யாருடைய படை? மஜபி சீக்கியர்கள், ராமதாசியா சீக்கியர்கள். அதாவது, சீக்கிய மதத்துக்குப் போன பிறகும் சாதி விடாமல் துரத்திய தலித் மக்கள். பஞ்சாபின் நிலவுடைமைச் சாதியினருக்குச் சீக்கிய ரெஜிமென்ட் தனியாக இருக்கிறது. பஞ்சாபின் சேரியிலிருந்து வந்த முப்பது இளைஞர்களை, யாரோ மேசையில் போட்ட ஊகத்தை நம்பி, மொழி தெரியாத ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் இறக்கிவிட்டார்கள். அவர்களைச் சுட்டவர்களும் ஏழைவீட்டுப் பிள்ளைகள்தாம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். யாழ் நகரைப் பிடிக்கவே இரண்டு வாரத்துக்கும் மேலானது. அக்டோபர் 21, தீபாவளி நாள். சாத்தூரிலும் சிவகாசியிலும் வெயிலில் காயவைத்துச் சுற்றிய வெடிகள் நாடெங்கும் வெடித்துக்கொண்டிருந்தபோது, இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்தார்கள். அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரு தரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கிச் செத்தார்கள் என்று ராணுவத் தரப்பு சொன்னது. உயிர் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மீண்டும் அதேபோல் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

சில வாரக் கணக்கு இரண்டரை ஆண்டுக்கு நீண்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது, இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். செத்த ஈழத்து மக்களை ஆயிரக்கணக்கில்தான் சொல்ல முடிகிறது. ஒவ்வொருவராக எண்ணிச் சொல்ல எந்த அரசும் முன்வரவில்லை. சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அதற்காக அவரைத் தேசத்துரோகி என்றார்கள். சொந்த இனத்தைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்று அவர் கேட்டதில் என்ன துரோகம் இருந்தது?

படை போகும் நாளைப் பற்றித்தான் ஊகங்கள் எல்லாம். போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த ஊருக்கு யார் தண்ணீர் விடுவது, மருத்துவமனையை யார் நடத்துவது, வீட்டுக்குள் புகுந்து தேடும் சிப்பாயின் மொழி அந்த வீட்டுக் கிழவிக்குப் புரியுமா என்பதையெல்லாம் யாரும் ஊகிப்பதில்லை. 2003 மே 1 அன்று, ஈராக்கில் முக்கியச் சண்டை முடிந்தது என்று புஷ் ஒரு போர்க்கப்பலில் நின்று அறிவித்தார். அமெரிக்கப் படை அங்கிருந்து வெளியேறியது 2011 டிசம்பரில். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது, கீவ் சில நாளில் விழும் என்று உலக நிபுணர்களே சொன்னார்கள். விழவில்லை. அந்தப் போரில் ரஷ்யத் தரப்பில் மக்கள்தொகைக் கணக்குக்கு மீறிச் செத்தவர்கள் புரியாத்தியா, துவா போன்ற ஏழைக் குடியரசுகளின் சிறுபான்மை இன இளைஞர்கள். மாஸ்கோவின் பணக்காரத் தெருக்களில் பிணப்பெட்டிகள் அவ்வளவாக இறங்கவில்லை.

யாருடைய பிள்ளைகள்?

என் சித்தி மகன் ஒருவன் இருக்கிறான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து நான்குவழிச் சாலையோரமாக ஓடுகிறான். அக்னிவீர் தேர்வுக்குப் பயிற்சி. சித்தி பயராபீசில் திரி வேலை. அம்மா பார்க்கும் வேலையை அவன் பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே திட்டம். "யூனிஃபார்ம் போட்டுட்டு ஊருக்குள்ள வந்தா ஒருத்தனும் டேய்னு கூப்பிட மாட்டான்ல அண்ணே" என்றான் ஒருநாள். அவனை எந்த வாயால் கிண்டல் செய்வது? எங்கள் தெருவில் அந்தச் சீருடைக்கு உள்ள பொருளை எந்தத் தேசபக்தப் பாட்டும் சொல்லிவிட முடியாது.

அம்பேத்கருக்கும் அது தெரியும். அவருடைய அப்பா ராம்ஜி, படையில் சுபேதாராக இருந்தவர். தீண்டத்தகாதாருக்குக் கல்வியும் காசும் மரியாதையும் கொடுத்த முதல் கதவுகளில் ராணுவம் ஒன்று. 1857க்குப் பிறகு வெள்ளைக்காரன் 'போர்க்குடிகள்' என்றொரு கோட்பாட்டை உருவாக்கி, வீரம் சில சாதிகளின் ரத்தத்தில் மட்டுமே இருக்கிறது என்றான். மகர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் வந்தது. போர் முடிந்த மறு ஆண்டே சமார் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. ஆள் வேண்டும்போது வீரன், வேலை முடிந்தால் வெளியே போ. ராஜ்புத், ஜாட், டோக்ரா என்று சாதியின், சமூகத்தின் பெயரிலேயே படைப்பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினருக்கு மட்டுமே இடம் என்பது நீதிமன்றம் வரை போன விஷயம்.

இப்போது அக்னிபத். 2022 ஜூனில் அறிவித்தார்கள். நாலு வருட வேலை. அதன்பின் நூற்றுக்கு 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியம் கிடையாது. எங்கள் பகுதியில் இதற்கு நல்ல தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: காண்ட்ராக்ட் வேலை. பட்டாசு ஆலையில் அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, விபத்து நடந்தால் அவர் என் ஆள் இல்லை என்கிற முதலாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு நாளில் லாகூர் என்று ஊகிக்கிறவர்கள், அந்த நாலு நாளும் முன்வரிசையில் நிற்கப்போவது என் சித்தி மகன்தான் என்பதையும் சேர்த்து ஊகிக்க வேண்டும்.

அம்பேத்கர் போரே கூடாது என்று சொன்னவர் இல்லை. அவரை அப்படிக் காட்டுவது பொய். ஆனால் அவர் கணக்குக் கேட்டார். 1951 அக்டோபரில் அமைச்சரவையிலிருந்து விலகியதை விளக்கி அவர் வெளியிட்ட அறிக்கையை இந்துச் சட்டத் தொகுப்புக்காக மட்டும் நாம் நினைவு வைத்திருக்கிறோம். அதே அறிக்கையில், ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாயில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, இதற்குக் காரணம் நம் வெளியுறவுக் கொள்கை, அவசரத்துக்கு உதவ நமக்கு நண்பர்களே இல்லை என்று சாடியிருக்கிறார். காஷ்மீருக்குத் தீர்வாகப் பிரிவினையைச் சொல்லியிருக்கிறார். பட்டியல் சாதியினர் முன்போலவே கொடுமைக்கு ஆளாகிறார்கள், அரசுக்கு அந்தக் கவலை இல்லை என்பதையும் அங்கேதான் சொல்கிறார். போர்ச்செலவும் சேரியின் நிலையும் ஒரே அறிக்கையில் இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அவர் கேட்ட கேள்வியை இன்று கேட்டால் நம்மைத் தேசவிரோதி என்பார்கள். அவரையும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

நமக்குத் தெரிந்த படையெடுப்பு

ஒரு ஊருக்குள் ஆயுதம் ஏந்தியவர்கள் புகுந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் லாகூர் வரை போகவேண்டியதில்லை. இங்கிருந்து தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தில் கொடியன்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று, சுமார் 600 போலீசார் அந்தத் தேவேந்திரர் ஊருக்குள் இறங்கினார்கள். தேடுதல் வேட்டை என்றார்கள். டிவி, மிக்சி, கிரைண்டரை உடைத்தார்கள். வெளிநாட்டு வேலையில் சம்பாதித்து வாங்கியதையெல்லாம் நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் கிழித்தார்கள். குடிக்கும் கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள். அந்த ஊரில் நொறுக்கப்பட்டவை எல்லாம் முன்னேற்றத்தின் அடையாளங்கள். இவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்ற சாதிவெறிக்கு அரசின் சீருடை மாட்டப்பட்டிருந்தது.

எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர்களிலும் கிணறு உண்டு. சான்றிதழ் உண்டு. பாத்திரம் பண்டம் உண்டு. கொடியன்குளத்தை அறிந்த ஒருவரால் 'உள்ளே புகுந்து அடிக்க வேண்டும்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, கைகட்டி இருக்கச் சொல்கிறாயா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். 2025 ஏப்ரல் 22 அன்று நடந்தது மன்னிக்க முடியாத படுகொலை. மதம் கேட்டுச் சுட்டார்கள். தடுக்கப்போன உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரரையும் சுட்டார்கள். கொன்றவர்களைப் பிடி, அனுப்பியவர்களை உலகத்தின் முன் நிறுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு ஏன் காவல் இல்லை என்பதற்குப் பதில் சொல் என்பதெல்லாம் நீதிக்கான கோரிக்கைகள். லாகூரைப் பிடி என்பது அந்தக் கோரிக்கைகளில் எதையும் நிறைவேற்றாது. அங்கே பூக்கடை வைத்திருக்கிறவருக்கும் பஹல்காமுக்கும் என்ன சம்பந்தம்?

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 30 அன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எடுக்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. எத்தனை ஆண்டுக் கோரிக்கை அது! எப்போது எடுப்பார்கள், எப்படி எடுப்பார்கள், அதை வைத்து இட ஒதுக்கீட்டு உச்சவரம்பைக் கேள்வி கேட்பது எப்படி என்று நாடே விவாதித்திருக்க வேண்டிய வாரம். மே 7 அதிகாலையில் 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. அதன்பின் அந்த விவாதம் இருந்த இடமே தெரியவில்லை. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. போர்ப்பேச்சு வந்தால் முதலில் காணாமல்போவது சாதியைப் பற்றிய பேச்சு. எல்லோரும் ஒன்று, எல்லோரும் இந்தியர் என்பார்கள். அந்த ஒற்றுமை இரட்டைக்குவளை இருக்கும் டீக்கடைக்குள் மட்டும் நுழையாது.

என்னுடைய ஊகம்

சரி, நானும் ஊகிக்கிறேன். ஒரு படையெடுப்பு நடந்தால் எங்கள் ஊரில் இருந்து பார்க்கும்போது அது எப்படி விரியும்?

முதல் நாள் டிவியில் வெற்றி. இரண்டாம் நாள் முஸ்லிம் கடைகளைப் பற்றிய வாட்ஸப் செய்தி. மூன்றாம் நாள் டீசல், எண்ணெய் விலை. அடுத்த வாரம் வெடிமருந்துக்கும் லாரிக்கும் கட்டுப்பாடு. 2025 மே சண்டையின்போதே சண்டிகர், மும்பை போன்ற நகரங்களில் பட்டாசு வெடிக்கத் தடை போட்டார்கள்; சண்டை நீண்டால் ஆர்டர் நிற்கும். தூக்குவாளியோடு நின்ற அக்காவின் கேள்விக்கு அப்போது பதில் கிடைக்கும்: ஆபீஸ் லீவு, கூலி கிடையாது. அடுத்த மாதம், ஏதோ ஒரு கிராமத்துக்குத் தேசியக் கொடி போர்த்திய பெட்டி வரும். மாவட்டமே திரண்டு மாலை போடும். அந்தப் பெட்டி சேரியைச் சேர்ந்தது என்றால், அது எந்தத் தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போவது என்ற பேச்சுவார்த்தையும் நடக்கும். இதுவரை நம் ஊர்களில் பிணங்கள் போன பாதையை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

வெடிமருந்து உடம்பை என்ன செய்யும் என்று எங்கள் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20க்கும் மேல். 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி: 10 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி: 9 பேர். சிந்தூர் சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் மற்ற ஏழைச் சாதிகளைச் சேர்ந்தவர்களும்தாம். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் ஒரே வார்த்தை: உராய்வு. மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வால் விபத்து. ஓர் அறையில் நாலு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எத்தனை பேரை அடைத்தார்கள், முந்தின நாள் மிச்ச மருந்தை யார் வைக்கச் சொன்னது, உள்குத்தகை விட்டவர் யார் என்ற கேள்விகளை அந்த ஒரு சொல் மூடிவிடும்.

எல்லையில் நடப்பதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இரு நாடுகளுக்கிடையே உராய்வு.

அடுத்த முறை யாராவது வரைபடத்தை விரித்து, இங்கிருந்து டேங்க் போகும், அங்கிருந்து விமானம் வரும் என்று தொடங்கினால், கோபப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்வரிசையில் யாருடைய பிள்ளை? போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த ஊருக்கு யார் சோறு போடுவது? இங்கே யாருடைய கூலி நிற்கும்? இந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் ஊகத்தை உட்கார்ந்து கேட்போம். நான் இதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

சித்தி மகன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் தேர்வாக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். நாலு வருடம் கழித்து அவன் முழு உடம்போடு சாத்தூர் ரயிலடியில் வந்து இறங்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். இரண்டாவதை அவனால் மட்டும் சாதிக்க முடியாது. டீக்கடையில் நாம் என்ன பேசுகிறோம் என்பதும் அதில் சேர்த்தி.